அக்கா பக்கத்துச் சுவர்

ஜூன் 4
சுவரில் ஒரு கதவு முளைத்திருக்கிறது. பூச்சின் மேல் ஓதம் படர்ந்து, நிலையும் மேல்சட்டமும் அப்படியே தெரிகிறது. வீட்டைப் பாகம் பிரித்தபோது எனக்கும் அக்காவுக்கும் நடுவே இருந்த கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தோம். பழைய சுவரும் புதுக் கட்டும் இன்னும் ஒட்டவில்லை போல. கூடப் பிறந்தவர்களே ஒட்டவில்லை, செங்கலைக் குறை சொல்லி என்ன!

ஜூன் 6
கொத்தனார் உளியின் பின்பக்கத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். பூச்சு விட்டுப்போன இடமெல்லாம் பொக்கையாகச் சத்தம் வந்தது. திடீரென்று அந்தப் பக்கத்திலிருந்தும் டொக் டொக். அக்காதான், கரண்டியோ என்னவோ வைத்துக்கொண்டு.

"என்னம்மா, சுவரு பதில் சொல்லுது!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 7
அக்காவின் குளியலறையும் அந்தச் சுவரை ஒட்டித்தான். குழாய் கசிகிறது, சந்தேகமே இல்லை. வாசலில் பார்த்துச் சொன்னேன்.

"என் குழாய் நல்லாத்தான்டி இருக்கு. வந்து பாரேன்."

போய்ப் பார்த்திருக்கலாம். கூப்பிட்டாளே. "உன் பக்கத்த நீ பாத்துக்கோ, என் பக்கத்த நான் பாத்துக்கறேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 9
இரண்டு பக்கமும் பூச்சை உரித்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, காயவிட்டுப் பூசினால் நல்லது என்கிறார் கொத்தனார். அதற்கு அக்காவிடம் போய் நிற்க வேண்டும். "நம்ம பக்கம் மட்டும் பண்ணுங்க" என்றேன். அவருக்கும் அடுத்த வேலைக்கு அவசரம். தலையாட்டிவிட்டார்.

ஜூன் 14
விரிசலைக் கொத்தி, வலை அடித்து, வாட்டர் புரூஃப் கலவை சேர்த்த சிமெண்ட்டை அழுத்திப் பூசியாயிற்று. கதவு மறைந்தது.

ஜூன் 15
நேரம் போனது தெரியாமல் தூங்கியிருக்கிறேன். தினமும் அக்காவின் இருமல் கேட்டுத்தான் எழுந்திருப்பேன் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. விரிசலோடு சத்தமும் அடைபட்டுவிட்டது.

ஜூலை 2
பேய்மழை. என் சுவரில் பொட்டு ஈரமில்லை. தடவித் தடவிப் பார்த்தேன். பெருமைதான்.

ஆகஸ்ட் 5
அக்கா மகள் வந்து நின்றாள். "சித்தி, அம்மாவுக்கு ஒரே மூச்சிரைப்பு. ஓதத்துல படுக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

ஓதமா? அக்கா வண்டியில் உட்கார்ந்திருந்தாள். "சாவி உன்கிட்டயே இருக்கட்டும்டி" என்றாள்.

ஆகஸ்ட் 6
அக்கா வீட்டைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் அதே கதவு, பூசணம் பிடித்துக் கன்னங்கரேலென்று. கட்டில் அதை ஒட்டியே கிடக்கிறது. சுவரோரம் பழைய புடவைத் துணிகளைச் சுருட்டி அணை கட்டியிருக்கிறாள். கொடியில் பிழிந்து காயப்போட்டவை வேறு. குளியலறைக் குழாய் கசியவே இல்லை.

ஏன்கா சொல்லல? ஒரு வார்த்தை — இந்தச் சுவரைத் தட்டியிருந்தாலே போதுமே —

உன் பக்கத்தை நீ பார்த்துக்கொள் என்றேன். பார்த்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 8
மொட்டை மாடியில், அந்தச் சுவருக்கு நேர் மேலே, என் பக்கத்துக் கைப்பிடிச் சுவரின் அடியில் விரிசல். என் பூந்தொட்டி வரிசை அதை மறைத்திருக்கிறது. மழையும் நான் செடிக்கு ஊற்றியதும் அதன் வழியாகத்தான் இறங்கியிருக்கின்றன. இந்தப் பக்கத்தை நான் அடைத்ததும் தண்ணீருக்கு அக்கா பக்கம்தான் வழி. "நானாவது முதல்ல மாடி ஏறிப் பாத்திருக்கணும்மா" என்றார் கொத்தனார். எனக்கு ஆறவில்லை.

அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"சரி விடுடி. ஆத்திரத்துல தொட்டியத் தூக்கிப் போட்டுடாத. செடி என்ன பண்ணும்?"

திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 30
மாடி விரிசல் அடைத்தாயிற்று. அக்கா பக்கமும் உரித்துப் பூசி, நன்றாகக் காய்ந்துவிட்டது. எப்போது வருகிறாய் என்று கேட்டேன்.

"இல்லடி, இங்கயே இருந்துடறேன். மூச்சு பரவால்ல. அந்தப் பக்கத்தையும் நீயே பாத்துக்கோ."

குத்தலாகச் சொல்லவில்லை. அக்காவுக்கு அது வராது.

சாயங்காலம் கரண்டியை எடுத்து என் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டினேன். பொக்கை எங்கும் இல்லை, நல்ல கெட்டியான சத்தம். சுவரில் காதை வைத்துக் கேட்டேன். பிறகு இன்னொரு முறை தட்டினேன்.