நெட்டையின் காலிமனையில் எங்கள் பாத்திகள்

மார்ச் 4

அன்புள்ள நெட்டைக்கு,

உன் குண்டூசி எழுதுகிறேன். இளைத்துவிட்டேனோ என்று கவலைப்படாதே. நானே தைத்த சட்டை என்னையே கடிக்கிறது. தையற்காரியை மாற்றலாமென்று இருக்கிறேன்.

பயிர் வைத்துக்கொள்ளுங்கள் என்று நீ விட்டுப்போன காலிமனையைப் பார்த்தால் மயங்கி விழுவாய். பழைய மெத்தையும் உடைந்த கக்கூஸ் பீங்கானும் கிடந்த இடத்தில் தக்காளி சிவந்து நிற்கிறது. தெருவே மண்வெட்டியோடு அலைகிறது. நேற்று தண்ணீர் முறைக்காக ரொட்டிக்கடைக்காரருக்கும் எலக்ட்ரீஷியன் மனைவிக்கும் ரகளை. “உங்க கத்தரிக்காய் குளிக்குதா, நீச்சல் படிக்குதா?” என்று அவள் கேட்டாள். அவர் முறைத்துக்கொண்டு போனார். சாயங்காலம் அவள் வீட்டுக்கு இரண்டு ரொட்டி போயிற்று. நான் ஒன்றையும் கவனிக்கவில்லை. என் தையல் மெஷின் ஜன்னலோரம் கிடக்கிறது, அவ்வளவுதான்.

ரொட்டிக்கடைக்காரர் எலுமிச்சை நட்டிருக்கிறார். “காய்க்க மூணு நாலு வருஷமாகும். அதுவரைக்கும் இடம் நம்மகிட்ட இருக்குமா?” என்றார். “மாமனார் எனக்கு விட்டுப்போன மனை, என் கண் மூடுற வரைக்கும் யாரும் கை வைக்க மாட்டாங்க” என்று மகன் வீட்டுக்குக் கிளம்பும்போது நீ சொன்னாயே, அதை அப்படியே ஒப்பித்தேன். “நான் ஜாமீன்” என்றும் சொல்லிவைத்தேன்.

உன்,
குண்டூசி

மார்ச் 19

என் செல்லக் குண்டூசிக்கு,

மகன் வீட்டில் சௌக்கியம். எனக்கு ஹாலில் படுக்கை. டிவி தூங்கினால்தான் நான் தூங்கலாம். போனில் பேசினால் மொத்த வீடும் கேட்கும், அதனால்தான் கடிதம்.

தோட்டம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. படம் பிடித்து அனுப்புடி. தெருப்பக்கமிருந்து ஒன்று, உயரத்திலிருந்து ஒன்று. கேட் நன்றாகத் தெரியட்டும். எரு மேடு வேண்டாம். நடுவில் நீ கையை விரித்து நில், அகலம் புரியும்.

ஆசையோடு,
நெட்டை

மார்ச் 28

அன்பு நெட்டைக்கு,

படங்கள் உன் போனுக்கு வந்திருக்கும். ரொட்டிக்கடை மொட்டைமாடியில் ஏறி எலக்ட்ரீஷியன் மனைவிதான் எடுத்தாள். கீழே நான் கையை விரித்து நின்றேன். “அக்கா, வயித்தை உள்ள இழுங்க, பாத்தி மறைக்குது!” என்று மேலேயிருந்து கத்தினாள். தெருவே சிரித்தது. உனக்காக எரு மேட்டை என் புதுப் படுக்கை விரிப்பால் மூடினேன். இப்போது துவைத்துத் துவைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு படுக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. கேட்டைக் கேட்டாய், அகலத்தைக் கேட்டாய். தக்காளி என்ன ருசி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே?

உன்,
குண்டூசி

ஏப்ரல் 20

நெட்டை,

இன்று ஒரு கட்டட காண்ட்ராக்டர் டேப்போடு வந்து மனையை அளந்தார். “யாருங்க நீங்க?” என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு போனேன். தன் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அட, படத்துல இருக்கிற அம்மா நீங்கதானே! மனை விற்பனைக்குன்னு வந்த விளம்பரத்தைப் பார்த்துட்டுத்தான் பேசி முடிச்சேன். சுத்தமான மனை, அக்கம்பக்கம் நல்ல மனுஷங்க. உங்க சிரிப்பிலேயே தெரிஞ்சுபோச்சு.”

என் படம்தான். விரித்த கை, காதுவரை சிரிப்பு. “ஆமாங்க, நான்தான்” என்று இளித்துவைத்தேன். வேறென்ன செய்வது?

இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவர் ஏமாற்றுக்காரர், படத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன். உன்னை நம்புவதில் எனக்கு நல்ல பழக்கம்.

குண்டூசி

மே 3

குண்டூசி,

உண்மைதான். குப்பை மேடாகக் கிடந்தபோது ஒரு ஈ, காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. நீங்கள் துப்புரவாக்கிப் பயிர் வைத்த பிறகுதான் ஆள் தேடி வந்தார்கள். உன்னிடம் வாக்குக் கொடுத்தபோது சத்தியமாக அந்த எண்ணம் இல்லை. படம் கேட்டபோது இருந்தது.

இந்த வயதில் கதவைச் சாத்திக்கொள்ள, விற்ற பணத்தில் எனக்கென்று ஒரு அறை வேண்டுமென்று ஆசைப்பட்டேன்டி. முன்பே சொல்லியிருந்தால் நீ தெருவையே கூட்டியிருப்பாய். என் கொழுந்தன்மார் மிரட்டிப் பிடுங்கி விற்றுவிட்டதாகச் சொல்லிவிடு. உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

நெட்டை

மே 21

நெட்டைக்கு,

நீ கேட்டபடியே சொல்லிவிட்டேன். நீ மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தாய் என்று என் பங்குக்கும் கொஞ்சம் ஒட்டுத் தைத்தேன். எலக்ட்ரீஷியன் மனைவி உனக்காக அழுதாள். ரொட்டிக்கடைக்காரர் எலுமிச்சையை வேரோடு தோண்டி மாவு டின்னில் வைத்துக்கொண்டு, “பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க?” என்றார். ‘நீதானே ஜாமீன் நின்னே’ என்று யாராவது கேட்பார்கள் என்று காத்து நின்றேன். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியாக எல்லாவற்றையும் பறித்துப் பங்கு வைத்தார்கள். “ஆரம்பிச்சு வச்ச மகராசிக்கு” என்று முதல் பங்கு உனக்கு. அனுப்பச் சொல்லி என் மடியில் கொட்டினார்கள். அனுப்பவில்லை. நானே சமைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கத்தரிக்காய் விடாமல் தின்றேன். அவ்வளவு ருசி. அதைத்தான் தாங்க முடியவில்லை.

“பார்சல் கிடைச்சுதாமா? என்ன எழுதினாங்க?” என்று தினமும் கேட்கிறார்கள். உனக்கு ரொம்பப் பிடித்ததாம், பார்த்ததும் கண் கலங்கிவிட்டதாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் நீ என்ன எழுதினாய் என்பதையும் நானே சொல்லிக்கொள்வேன்.

நீ எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தையற்கடைக்காரி