ராஜாவின் ஒற்றைப் பாய்ச்சல்

1953 மே 30, சனி. தக்கலை

காலை வெயில். மூன்று மணிக்கு மேல் மூடல், மழை இறங்கவில்லை. இன்றைய வேலை: மயிலாடியில் பாலத்துக்குக் கல் பார்ப்பது (முடிந்தது). செருப்பு வார் (முடிந்தது). குடை (வாங்கவில்லை). சதுரங்க விதி நோட்டு.

நோட்டு பதினொன்றாம் விதி வரை வந்துவிட்டது. இருபது மைலுக்குள் மூன்று விதமான ஆட்டம். தக்கலையில் காலாள் எப்போதும் ஒரு கட்டம்தான். மார்த்தாண்டத்தில் தொடக்கத்தில் இரண்டு காலாளைச் சேர்த்து நகர்த்தலாமாம். மயிலாடியில் ராஜாவுக்கும் மந்திரிக்கும் முன்னால் நிற்பவை மட்டும் இரண்டு கட்டம் போகும். கேட்டால், ‘எங்க ஊரு வழக்கம்.’ திருவனந்தபுரம் ஹாஸ்டலில் இங்கிலீஷ் ஆட்டம் ஆடினோம். விதிக்கு அச்சடித்த ஒரே தாள். சண்டை கிடையாது.

ராஜாவுக்கு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை போலப் பாய உரிமை உண்டு. இதில் மூன்று ஊரும் ஒன்று. எப்போது அந்த உரிமை போகும் என்பதில்தான் குழப்பம். மயிலாடியில் கல் கொத்திக்கொண்டிருந்த ஆசாரியிடம் கேட்டேன். எதிராளி ராஜாவைத் தாக்கி ‘அரசு’ சொல்கிறான். நான் நடுவில் ஒரு காயை வைத்து மறைக்கிறேன். ராஜா அசையவே இல்லை. பிறகு பாயலாமா?

உளியை நிறுத்தாமலே சொன்னார்: “அது அந்நேரம் பாத்துக்கிடுவோம் சார்.”

“அந்நேரம் சண்டை வராதா?”

“வரும். ஒரு சாயா குடிச்சா போயிரும்.”

சாயாவில் கரைகிற விதி! மார்த்தாண்டத்தில் கேட்க வேண்டுமென்றால் பஸ்ஸில் அரை நாள் போகும். பாதியில் நின்ற ஏழாம் விதியை நானே முடித்தேன்: ‘ஒரு தடவை அரசு பட்டால் பாய்ச்சல் போயிற்று.’ சுத்தமாக இருக்கிறது.

ஜூன் 2, செவ்வாய்

மழை இறங்கிவிட்டது. நனைந்தேன். தலை கனம்.

மாலை நாகப்பன் சைக்கிள் கடையில் நோட்டை வாசித்தேன். அவனும், வில்லேஜ் ஆபீஸ் கிளார்க் சங்கரபிள்ளையும். பிள்ளைதான் எங்களில் நன்றாக ஆடுகிறவர். காய் வைக்குமுன் மூக்குப்பொடி. போட்டால் நல்ல ஆட்டம், போடாவிட்டால் சுமார்.

நாகப்பன்: “என்னலே ஓவர்சியரே இது, ரோடு போடுத கணக்கா விதி போட்டிருக்கே? வளைவு எங்க, கல்வெர்ட் எங்க?”

பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. ராஜாவுக்கு எதற்கு குதிரைப் பாய்ச்சல்? அவரே பதிலும் சொன்னார்: “தப்பி ஓட ஒரு வழி வச்சிருக்கான். அதும் ஒரு மட்டம். ரெண்டாம் மட்டம் ஓடுனா அவன் ராஜா இல்லே.”

இங்கிலீஷ் ஆட்டத்தில் ராஜாவும் தேரும் இடம் மாறிக் கோட்டை கட்டுவதும் இப்படி ஒரு பாய்ச்சலிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்றேன். அங்கே ஒரே நகர்த்தலில் முடித்துவிட்டார்கள், இங்கே இன்னும் பாய்கிறோம். யாரிடமும் ஆதாரம் இல்லை. ஆனாலும் ஒரு மணி நேரம் பேசினோம்.

சனிக்கிழமை மார்த்தாண்டம் ஏசுவடியான் வருகிறார். குடைக் கடைக்காரர். மேற்கே அவரை வென்றவர் இல்லை என்று பேச்சு. பிள்ளையோடு ஒரே ஆட்டம். நடுவர் நான்.

ஜூன் 6, சனி

அரை நாள் ஆபீஸ். அடை மழை. இரண்டு மணிக்கு ஏசுவடியான் வந்தார். மெலிந்த ஆள், நாற்பது இருக்கும். நனையாத ஒரே மனிதர்.

உட்காரும்போதே சொன்னார்: “இன்னைக்கு தோத்தா இனி காயைத் தொடமாட்டேன்னு வீட்டுல சத்தியம் செஞ்சிட்டு வந்திருக்கேன்.” முந்தாநாள் கடைக்குள் ஆடிக்கொண்டிருந்தாராம். நாலு பேர் மழையில் நின்று பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். மனைவி பலகையையே தூக்கி ஓடையில் எறியப் போனாளாம்.

நாகப்பன்: “அப்போ பிள்ளைவாள், ஒரு குடும்பத்துக்கு நல்லது செய்யும்!”

நோட்டை ஏசுவடியானிடம் நீட்டினேன். வாங்கவில்லை. “மூணு ஊரும் கேட்டு எழுதினதுதானே? பின்னே நான் என்னத்த வாசிக்க?”

“ஆமா” என்றேன்.

நல்ல ஆட்டம். பிள்ளை இரண்டு தடவை பொடி போட்டார். பதினாறாவது நகர்த்தலில் ‘அரசு’ சொன்னார். ஏசுவடியான் ஆனையைக் குறுக்கே வைத்து மறைத்தார். ராஜா அசையவில்லை. இருபத்திமூன்றில் ராஜாவைச் சுற்றி எல்லாம் அடைபட்டது. ஏசுவடியான் சிரித்துக்கொண்டே ராஜாவை எடுத்துக் குதிரை போலப் பாயவைத்தார்.

“ஏழாம் விதி. பாய்ச்சல் போயிற்று” என்றேன். நோட்டை விரித்துக் காட்டினேன்.

நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ராஜாவைப் பழைய கட்டத்திலேயே வைத்தார். இரண்டே நகர்த்தலில் முடிந்தது. பிள்ளைக்குக் கை கொடுத்தார். குடையை விரித்து பஸ்ஸுக்கு நடந்தார். சாயா குடிக்கவில்லை.

அடைபட்ட நிலையைக் கட்டம் போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். பிள்ளையின் ஆட்டம் அழகு.

ஜூன் 8, திங்கள்

ஓடைப் பாலம். மேஸ்திரி அஸ்திவாரக் குழி நாலடி என்று எழுதியிருந்தான். டேப்பைப் போட்டேன், மூன்றேகால்.

“அளக்காம எழுதுவியா?”

“தண்ணி கெடந்துது சார், எப்பிடி எறங்க? நாலடிதான் இருக்கும்னு ஒரு கணக்கு.”

கத்தினேன். அளவுப் புத்தகத்தில் அளக்காததை எழுதுகிறவனுக்கு இந்த வேலையில் இடமில்லை என்றேன். பத்துப் பேர் முன்னால். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மதியம் சாப்பிடும்போது மே 30-ஐப் புரட்டினேன். என் கையெழுத்து. ‘நானே முடித்தேன். சுத்தமாக இருக்கிறது.’



ஜூன் 10, புதன்

நாகப்பனிடம் சொன்னேன். சைக்கிள் சங்கிலியில் அவன் கை.

“லே, ஆட்டம் முடிஞ்சு, ஆளும் போயாச்சு. விடு மக்கா.”

“அந்த விதி நான் கட்டினது. அதை மார்த்தாண்டத்தில் யாரிடமும் கேட்கவில்லை.”

“பிள்ளை ஜெயிச்சாருன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. ஒனக்க நோட்டுக்கும் மரியாதை, நமக்கும் மரியாதை. அதைக் கெடுக்கணுமா?”

பிள்ளையும் பெஞ்சில் இருந்தார். பொடி டப்பாவைத் திறந்தார், போடாமல் மூடினார். எழுந்து போகும்போது சொன்னார்: “நீரு மார்த்தாண்டம் போயிட்டு வாரும். எனக்கு அந்த ஜெயம் வேண்டாம்.”

இதை வெளியே சொன்னால் கேலிதான். பதினொரு விதியில் மற்றவற்றை யார் நம்புவார்கள்? நம்ப வேண்டாம். நானே எத்தனையைக் கேட்டு அளந்தேன்? எண்ணினேன். ஒன்பது.

ஜூன் 13, சனி

மார்த்தாண்டம். பஸ்ஸில் நின்றுகொண்டே. கருப்பட்டி மூட்டை காலில். மழை.

ஏசுவடியான் கடையில் அவர் மனைவி குடைத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அவர் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். பலகை அலமாரிமேல் கவிழ்ந்து கிடந்தது. காய்கள் பிஸ்கட் டின்னில், ஆணிகளோடு.

நேராகச் சொன்னேன். ஏழாம் விதி என் சொந்தச் சரக்கு. உங்கள் ஊரில் கேட்கவில்லை. கேட்டதாகச் சொன்னது பொய்.

கம்பியைக் கீழே வைத்தார். “எங்க ஊருல ராஜா அசையாதவரைக்கும் பாய்ச்சல் உண்டு.”

“அப்போது ஏன் சொல்லவில்லை?”

“நீரு நோட்டை விரிச்சீரு. மூணு ஊரும் கேட்டதுன்னு சொன்னீரு. எனக்குத் தெரியாத யாரோ பெரிய ஆட்டக்காரன்கிட்ட கேட்டிருப்பீருன்னு நெனச்சேன். இவ்வளவு நாளும் எனக்க ஊரு ஆட்டத்தையே நான் தப்பா ஆடியிருக்கேன்னு நெனச்சேன்.”



மனைவி ஊசியை நிறுத்தினாள். “அப்போ இவரு தோக்கல்லியா, ஓவர்சியர் சார்?”

“ஆட்டம் முடியவே இல்லை.”

“அதை எழுதித் தாரும். வாய்ப்பேச்சு வேண்டாம். ஒரு வாரமா இந்த மனுஷன் மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்காரு. நேத்து ஒரு குடைக்குத் துணிய மறுபக்கம் வச்சுத் தச்சாரு.”

ஏழாம் விதியை அடித்தேன். கீழே, ‘6-ம் தேதி நடுவர் தீர்ப்பு தவறு. ஆட்டம் இருபத்திமூன்றிலேயே நிற்கிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, தாளைக் கிழித்துக் கொடுத்தேன். பின்பக்கத்து எட்டாம் விதியும் அதோடு போயிற்று. அதுவும் அளக்காததுதான். அவள் இரண்டு தடவை வாசித்தாள். பலகையை எடுத்து, முந்தானையால் துடைத்து, அவர் முன் வைத்தாள்.

நான் குறித்து வந்த நிலையை அடுக்கினோம். பிள்ளையின் காய்கள் என் பக்கம். ஒரு காலாள் டின்னில் இல்லை, அந்த இடத்தில் ஓர் ஆணி. அவர் ராஜாவை எடுத்துப் பாயவைத்தார். விரலை எடுக்கவில்லை.

“எடுக்கலாமா சார்?”

“எடுங்கள்.”

அந்த நேரம் பார்த்து ஒருவர், கம்பி ஒடிந்த குடையோடு வாசலில். சொட்டச் சொட்ட நனைந்து. ஏசுவடியான் பாதி எழுந்தார்.

“நீரு இரியும்” என்றாள் மனைவி. வாசலைப் பார்த்து: “அண்ணாச்சி, இப்பிடி உள்ள ஏறி நில்லுங்க. ராஜா இப்பந்தான் வெளிய வந்திருக்கு.”

கடைசி பஸ்ஸுக்காக நிலையைக் குறித்துக்கொண்டு எழுந்தேன். அடுத்தது என் நகர்த்தல். எதை வைத்தாலும் ஒரு காய் போகும்.