எண்ணூறு டாலர் என்று சொன்னேன், மாப்ள

என் மாப்ள பாஸ்கருக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் முடிந்துவிட்டது. இர்விங் அபார்ட்மெண்ட்டில் ஒரே அறையில் கிடந்த காலத்திலிருந்து நீ எனக்கு மாப்ள, நான் உனக்கு மச்சான். அந்த உரிமையில்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு அந்த உரிமை இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீவே என்றாலே கார் சாவியை உன்னிடம் நீட்டிவிடும் உன் மனைவி சுதா, இப்போது தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறாள். உன் மகள் நிலாவுக்குக் கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் வேலை கிடைத்திருக்கிறது. போகும் முன் உன் சட்டைகளில் இரண்டை எடுத்துக்கொண்டு போனாளாம்.

இனி சொல்வது நல்ல சேதி இல்லை.

இந்த வருஷ ஆலங்கட்டி மழை நம் ஊர் காப்பெல்லில் பல வீட்டுக் கூரைகளைப் பதம் பார்த்தது. உன் வீடும் தப்பவில்லை. இன்சூரன்ஸ் தருவது போக மீதியைக் கையிலிருந்து போட வேண்டும். அப்போதுதான் சுதா எனக்கு போன் செய்தாள். நீ சேர்த்து வைத்த பழைய காசுகளில் அந்த கனடா வெள்ளிக் காசை மட்டும் விற்கலாம் என்று நினைக்கிறாளாம். என்ன விலை போகும் என்று, நாணயம் தெரிந்த நான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள்.

எந்தக் காசு என்று நான் கேட்கவே இல்லை. டொராண்டோ கண்காட்சியில் நீ வாங்கிய 1948 டாலர். இந்தியாவின் பேரரசர் என்ற பட்டம் இங்கிலாந்து ராஜாவின் பெயரிலிருந்து போன முதல் வருஷத்துக் காசு. பட்டத்தை நீக்கிய புது அச்சு வந்து சேரத் தாமதமானதால் குறைவாகத்தான் அடித்தார்கள். "நம்ம நாடு அவங்க கையை விட்டுப் போனதாலதான் மச்சான் இதுக்கு இவ்ளோ மவுசு" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாய். எழுபதுக்கு அறுபத்துநாலு என்று தரம் எழுதி, நம்பர் போட்டு, சீல் வைத்த ப்ளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். நீ பணம் கொடுத்தபோது பக்கத்தில் நின்றவன் நான். சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாமலே போய்விட்டது.

சுதா காபி கொடுத்தாள். நான் லென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு பெரிய மனிதன் மாதிரி பார்த்தேன். வருவதற்கு முன்பே பழைய ஏல விலைகளை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். இதே தரத்தில் எதுவும் நாலாயிரம் டாலருக்குக் கீழே போகவில்லை.

"ராஜா கன்னத்துல கோடு இருக்கும்மா. உறையும் பழசு. இப்ப திரும்ப கிரேடு போட அனுப்பினா இதே தரம் நிக்காது" என்றேன். "எண்ணூறு வரும்."

ஒவ்வொரு வார்த்தையும் வாயில் வழுக்கிக்கொண்டு வந்தது, மாப்ள. அந்தக் கோடு காசை அச்சடிக்கும்போதே விழுந்தது, தரம் போட்டவர்கள் அதையும் பார்த்துத்தான் போட்டார்கள். எனக்குத் தெரியும். நான் திருடன் ஆனது அந்த நிமிஷத்திலா, இல்லை டொராண்டோவிலேயேவா?

அவள் உறையைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எண்ணூறு கூரைக்குப் பத்தாதுண்ணா, அதை நான் வேற விதமாப் பாத்துக்கறேன். வெளில யாருக்கோ குடுக்கறதுக்கு நீங்களே வெச்சுக்கோங்கண்ணா. அவருக்கும் அதான் பிடிக்கும். பணம்லாம் வேண்டாம்" என்றாள்.

நான் வற்புறுத்தி எண்ணூறுக்கு செக் எழுதிக் கொடுத்தேன். காரில் வரும்போது, சும்மா கொடுத்ததைக்கூட காசு கொடுத்து வாங்கியிருக்கிறேனே என்று எனக்கு என்மேல் ஒரு மதிப்பே வந்தது.

வீட்டில் கவிதாவிடம் காட்டினேன். என் மனைவியிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை, பெருமையாகவே சொன்னேன். நிஜ விலை என்ன, நான் கொடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டாள். பாத்திரத்தைக் கழுவி முடித்துக் கையைத் துடைத்தாள்.

"எனக்கு ஆபரேஷன் ஆனப்ப ஆறு வாரம் அவங்க வீட்டுலேர்ந்துதான் சாப்பாடு வந்துது. அதுக்கு என்ன வெலை போடுவீங்க?"

அதற்குப் பிறகும் எட்டு நாள் அந்தக் காசை என் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். வெட்கத்தைக் கணக்கு போடுவதற்குக்கூட எனக்கு எட்டு நாள் ஆனது. எடுத்துப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும் என்று இரண்டு முறை எடுத்தேன். பிசுபிசுப்பான எதையோ தொட்ட மாதிரி இருந்தது. கை கழுவினேன்.

ஒன்பதாம் நாள் உன் வீட்டுக்குப் போனேன். சுதா கதவைத் திறந்தாள். வாசலிலேயே நின்றபடி சொல்லிவிட்டேன்: நான் சொன்ன விலை பொய், தெரிந்தேதான் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "அன்னிக்கு சாயங்காலமே நிலா அவரோட நோட்டுலேர்ந்து அந்த உறை நம்பரை எடுத்து போன்ல போட்டு வெலை பாத்துட்டா. கத்தினா. நான்தான் பேசாம இருக்கச் சொன்னேன். நீங்களே வருவீங்கன்னு நெனச்சேன். இவ்ளோ நாள் ஆகும்னு நெனைக்கல."

உள்ளே போய் என் செக்கை எடுத்து வந்து கொடுத்தாள். வங்கியில் போடவே இல்லை. துக்கத்தில் மறந்திருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். காசை வாங்கிக்கொண்டாள். திட்டவில்லை. உள்ளே வரச் சொல்லவும் இல்லை. பேசிய நேரம் முழுக்க ஒரு தடவைகூட அண்ணா என்று அவள் வாயில் வரவில்லை.

காசு பிறகு ஏலத்துக்குப் போனது. நான் சொன்னதைப்போல ஆறு மடங்குக்கு விற்றதாம். இதை நிலா கவிதாவிடம் சொன்னாள், என்னிடம் இல்லை. கூரை போட்டாகிவிட்டது.

காப்பெல்லில் யார் வீட்டில் பழைய காசு இருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். அவர்களுக்கெல்லாம் நான் சொன்ன விலை நியாயமானதுதானா? ஆமாம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது யாருடைய முகத்தை நினைத்தாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்தக் கடிதத்தைத் தமிழ்ச் சங்க மலரில் போடலாமா என்று சுதாவிடம் போனில் கேட்டேன். பெயர்கள் இல்லாமல் எழுதுகிறேன் என்றேன். அவள் சொன்னது இதுதான்:

"எங்க பேரை மாத்திக்கோங்க. உங்க பேரைப் போட்டு எழுதுங்க."

அதனால் இதில் உன் பெயர் உன் பெயர் இல்லை, மாப்ள. பொறுத்துக்கொள். வருகிற சனிக்கிழமை லைப்ரரியில் நம் நாணயக் குழு கூடும்போது இதை நானே எழுந்து நின்று வாசிப்பேன். இனி யாருடைய காசுக்கும் நான் விலை சொல்லமாட்டேன். இதுவரை என்னிடம் விலை கேட்டவர்கள் வேறொருவரிடமும் காட்டிப் பார்க்கட்டும் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்வேன். கதவைத் திறந்தாலும் சரி, வாசலோடு அனுப்பினாலும் சரி.

உன் மச்சான்,
குமரேசன் பழனிசாமி
காப்பெல், டெக்சாஸ்