மரத்துப்போன மதியம்

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாயா என்பதுதான் எங்கள் கவலை. பத்து நாளைக்கு முன்னால் சுகம் என்று எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும், அதனால்தான் எழுதவில்லை, போனிலும் சொல்லவில்லை. கோபப்படாமல் படி. எனக்கு ஆபரேஷன் நடந்தது. சினைப்பையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்கவில்லை, தொப்புளிலும் இரண்டு பக்கத்திலும் சின்னத் துளை போட்டு அதன் வழியாகவே எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டி இல்லை என்று நேற்று ரிசல்ட் வந்தது. அப்பா அந்தக் காகிதத்தை ஐந்து தடவை படித்துவிட்டு, கடைசி வரியை மட்டும் எனக்கு உரக்க வாசித்தார், பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த மதியத்தை உனக்கு எப்படிச் சொல்வது. கண் விழித்தபோது ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கியது, வார்டே மெதுவாக மூச்சு விடுவதுபோல் இருந்தது. வலியே இல்லை. வயிறு எங்கேயோ, நான் எங்கேயோ. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால் எதிர்ச் சுவர் தலைகீழாக மிதக்குமே, அப்படி மிதந்தேன். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள், அந்த வாசனைக்குக்கூட ஒரு நிறம் இருந்தது. நர்ஸ் மாத்திரையைக் கையில் கொடுத்து, "துளை போட்ட இடத்துல மரத்துப்போற ஊசி போட்டிருக்காங்கம்மா, அதான் தெரியல. சாயங்காலம் அது விட்டுடும், அதுக்கு முன்னாடியே இதைப் போட்டுக்குங்க" என்றாள். தலையை ஆட்டிவிட்டு, அவள் போனதும் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். வலிக்காததற்கு எதற்கு மாத்திரை? உன் அம்மாவின் வீராப்புதான் உனக்குத் தெரியுமே.

ஐந்து மணிக்கு மேல் வலி சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. வயிறு இழுத்தது, அதைவிட வலது தோளில் ஒரு குத்து. ஆபரேஷன் வயிற்றில், வலி தோளிலா, இது நெஞ்சுவலிதான், பாப்புவிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே போகப்போகிறேன் என்று நினைத்தேன். அப்போதும் யாரையும் கூப்பிடவில்லை, பார்த்துக்கொள். டீ வாங்கிக்கொண்டு வந்த அப்பா என் முகத்தைப் பார்த்ததும் வெறுங்காலோடு ஓடினார். நர்ஸ் வந்து நாடி, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "வயித்துக்குள்ள காத்து ஏத்தித்தான் பண்ணுவாங்க, மிச்சக் காத்து தோள்ல குத்தும், ரெண்டு நாள்ல போயிடும்" என்று சொல்லிக்கொண்டே தலையணையைச் சரிசெய்தவள் மாத்திரையைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றுவிட்டது. திட்டவில்லை. "யாருக்காகம்மா பொறுத்துக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள். மாத்திரையை வாங்கி விழுங்கினேன்.

மருந்து வேலை செய்ததும் அப்பாவின் கையைப் பிடித்து நடந்தேன். அப்போதுதான் துடைத்த வார்டு வராந்தா ஆறுபோல் மினுமினுத்தது, கால் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை. அந்த மினுமினுப்பில் நீ வந்தாய். பதினைந்து வயது, பரீட்சை நாள், குளியலறைத் தரையில் சுருண்டு கிடக்கிறாய். "பொம்பளையாப் பொறந்தா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிளம்பு" என்று பையை உன் தோளில் மாட்டிவிட்டது நான்தான். போன மாதம் இரண்டு நாள் வேலைக்குப் போக முடியவில்லை என்று நீ சொன்னபோதும் அதையேதான் சொன்னேன், கூடவே கொட்டாவி விட்டேன். வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டரிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். மாதாமாதம் எழுந்திருக்க முடியாத வலி சாதாரணம் இல்லை, கட்டாயம் காட்டச் சொல்லுங்கள் என்றார்.

ஆகவே போ கண்ணு. வலியைக் குறைத்துச் சொல்லாதே. ஒருவர் காது கொடுக்காவிட்டால் இன்னொருவரிடம் போ. எனக்காக ஓடி வராதே, இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். அப்பா போனில் வைத்திருக்கும் அலாரங்களால் வீடு தீயணைப்பு நிலையம் மாதிரி அலறுகிறது. மணி அடித்தால் மாத்திரை, தண்ணீர், முறைப்பு.

நீ நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க எங்கள் இருவரின் ஆசிகள். டாக்டரிடம் என்றைக்குப் போகிறாய் என்பதை மறக்காமல் எழுது. அன்றைக்குக் கிளம்பும் முன் எனக்குப் போன் செய்து, வலிக்குதும்மா என்று சொல். நான் கேட்டுக்கொண்டிருப்பேன், பதிலுக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உன் அம்மா