உங்களைப் பற்றி நான் சொன்ன ஒரே நல்ல வார்த்தை

அண்ணே,

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவருக்குப் பதவி உயர்வாம். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கம்பெனித் தாள் ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. உங்கள் பேனாவைத் திறந்தேன். மை வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது.

அன்று செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாம் இருவரும் சின்னக் கிராணிகள். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், அவன் நாற்காலியில் ஜப்பான்காரன் உட்கார்ந்திருந்த காலம். பெரிய கிராணி இடம் காலி. அது உங்களுக்கா எனக்கா என்பதுதான் தோட்டமெங்கும் பேச்சு. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு முடித்ததும், ஆபீசில் உட்கார்ந்து ஜப்பான் எழுத்து பழகுவீர்கள். "நீயும் கத்துக்கோலா தம்பி, நாளைக்கு ஒதவும்" என்பீர்கள். எனக்கு மண்டையில் ஏறவில்லை. உங்களுக்கு ஏறியது. வயிறு எரிந்தது எனக்கு.

சயாம் காட்டில் ரயில் பாதை போட ஆட்கள் போக உத்தரவு வந்தது. கூடவே ஜப்பான் எழுத்து தெரிந்த கிராணி ஒருவரும் போகவேண்டும். யார் கெட்டிக்காரன் என்று ஜப்பான் துரை அரைகுறை மலாய் மொழியில் என்னைக் கேட்டான். அதுவரை உங்களைக் குறை சொல்லியே பழகிய வாய், அன்றைக்கு மட்டும் உண்மை பேசியது. "அவர்தான் துரை, அவருக்கு ஈடு கிடையாது."

முன்பே போனவர்கள் அங்கே செத்து விழுவது எனக்குத் தெரியும். அங்கிருந்து தப்பி ஓடி வந்த ஒருவர், கருவாடு வாங்கப் போன என்னிடம் கோலா கெடாவில் அழுதுகொண்டே சொல்லியிருந்தார். உங்களிடம் நான் மூச்சு விடவில்லை.

நீங்களோ என்னைத் தேடி வந்தீர்கள். "என்னப் பத்தி ஒசத்தியா சொன்னியாமே! மூணே மாசமாம், திரும்பி வந்தா பெரிய கிராணி வேலையாம். இந்த மனசு யாருக்குலா வரும்?" என்று சொல்லி, இந்தப் பேனாவை என் சட்டைப் பையில் செருகினீர்கள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

நீங்கள் திரும்பவில்லை. நீங்கள் போன மறுவாரமே நான் பெரிய கிராணி. சண்டை முடிந்து வந்த வெள்ளைக்காரன் ஏடுகளெல்லாம் ஒழுங்காக இருப்பதைப் பார்த்து மெச்சினான். அங்கிருந்து படிப்படியாக ஏறி, சுங்கை பட்டாணி தலைமை ஆபீசின் இந்த மேசைக்கு வந்து சேர்ந்தேன். உழைத்து உயர்ந்தவன் என்று கூட்டங்களில் என்னை உட்கார வைத்துப் பேசுகிறார்கள். வெட்கத்தில் தலை தானாகக் குனிகிறது; அதையும் அடக்கம் என்கிறார்கள், அண்ணே.

சற்று முன்பு போன் போட்டு, "இவரை எங்கே அனுப்பப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் என்றார்கள். யாரைப் பற்றி நல்ல வார்த்தை எழுதுவதானாலும் முதலில் இதைக் கேட்பேன். கிழவனுக்கு இது ஒரு பழக்கம் என்று ஆபீசில் சிரிப்பார்கள்.

உங்களை அனுப்பியபோது நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.