கதவைத் திறந்தவள்

இன்று காலை மலைப் பேருந்தில் கண்டக்டர் விசில் ஊதிவிட்டு, "ராணியம்மா மேடு, எறங்குறவங்க எறங்குங்க" என்று குரல் கொடுத்தார். பெயர்ப்பலகை வைத்துப் பல நாள் ஆகிறது. ஆனாலும் ஒரு கண்டக்டர் வாயிலிருந்து அந்தப் பெயரை இன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். ஜன்னல் வழியே சாமை வேகிற வாசனை வந்தது, கூடவே தேன் வாசனையும். உன் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ அறிவியல் டீச்சர், நான் கணக்கு டீச்சர். கலசப்பாக்கத்துப் பக்கம் இருந்து ஜமுனாமரத்தூர் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் ஒரே பேருந்தில் ஏறி இறங்கினோம். மலை ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்தில் வண்டி ஐந்து நிமிடம் நிற்கும். அப்போது அந்த நிறுத்தத்துக்குக் கல்லெறி மேடு என்று பெயர். எல்லோரும் இறங்கி, ரோட்டோரம் கிடக்கிற கல்லை எடுத்து, ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்த அந்தக் கல்மேட்டின் மேல் வீசிவிட்டுத்தான் ஏறுவோம். வீசாவிட்டால் கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுபோகும் என்பார்கள். நானும் வீசினேன். குறி தப்பாது எனக்கு, அதில் பெருமை வேறு.

அடிவாரத்தில் எங்களுக்குச் சொன்ன கதை சின்னது. மலைக்கோட்டையில் ஒரு ராணி இருந்தாளாம். ராஜா போரில் செத்த பிறகு எதிரி வந்து கோட்டையைச் சுற்றி வளைத்துக்கொண்டான். ராணி கதவைத் திறந்துவிட்டாள், கோட்டை விழுந்தது. அவளைக் கொன்று இங்கே போட்டார்கள். அவ்வளவுதான். பெயர்கூட மிச்சமில்லை அவளுக்கு. ஊரில் எந்தப் பெண் தன் இஷ்டத்துக்கு ஒரு காரியம் செய்தாலும் 'கதவத் தொறந்தவ' என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் திட்ட வேண்டியதில்லை.

நீ வந்த முதல் வாரம் பேருந்தை விட்டு இறங்கவே இல்லை. நிறுத்தத்து டீக்கடைக்கார அம்மா கிளாஸைக் கழுவிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அது இன்னாத்துக்கு எறியும்? அதுவும் கதவத் தொறந்ததுதானே." இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீ புருஷன் வூட்டை விட்டு வந்த சேதி உனக்கு முன்னாலேயே மலையேறிவிட்டிருந்தது. அவன் அடித்த தழும்பு உன் புருவத்தில் இருந்ததை யாரும் பேசவில்லை. பேருந்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய், ஆனால் உன் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். எத்தனையோ வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டபோது, "உன் சிரிப்பு தனியா கேட்டுச்சு, அவ்ளோ சத்தம்" என்றாய். அதற்கு மேல் என்னைத் திட்டவுமில்லை, பரவாயில்லை என்று சொல்லவுமில்லை.

இரண்டாவது வாரம் நீ இறங்கினாய். எறியவில்லை. மேட்டைச் சுற்றி வந்தாய், குனிந்தாய், கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். எனக்கு மானம் போனது, இழுத்துக்கொண்டு வந்தேன். வண்டி கிளம்பியதும் நீ கேட்டாய்: "மேல இருக்கறது எல்லாம் ரோட்டுக் கல்லு. அடியில இருக்கறது கூழாங்கல்லு, வரிசையா அடுக்கியிருக்கு. எறிஞ்ச கல்லு எப்படிப்பா வரிசையா நிக்கும்?" கணக்கு டீச்சர் நான், எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கேள்வியை நீ விடவில்லை. சந்தை நாளில் தேன் விற்க வருகிற மலைமேல் ஊர்ப் பெண் ஒருத்தியைக் கவனித்தாய். அவள் இடுப்பு முடிச்சிலிருந்து ஓடைக் கல் ஒன்றை எடுத்து, மேட்டின் ஓரத்தில் குனிந்து வைத்துவிட்டு வருவாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாய். "கோட்டையில தண்ணி வத்திப்போச்சும்மா. புள்ளைங்கள எல்லாம் பின் கதவத் தொறந்து மேல்மலைக்கு அனுப்பிட்டு, முன் கதவாண்ட அவ நின்னா. அந்தப் புள்ளைங்கதான் நாங்க. நாங்க கல்லு வெச்சோம். கீழ இருந்து வந்தவங்க பாத்துட்டு எறிய ஆரம்பிச்சாங்க" என்றாள். மலைக்காரர்கள் கும்பிட்டு வைத்ததைப் பார்த்து, திட்டி எறிவதாக நினைத்துக்கொண்டோம் அடிவாரத்து ஜனங்கள் நாங்கள். அன்றைக்கு நீ ஒரு கூழாங்கல்லை என் கையில் வைத்து, "எறியாத, வை" என்றாய். எனக்கு வீம்பு. வைக்காமல் பையில் போட்டுக்கொண்டேன்.

பல வருடம் கழித்து ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். மேட்டை மெஷினால் வழித்து ரோட்டுக்கு அடியில் போட்டு நிரப்பிவிடலாம் என்றார்கள். ஊரில் ஒருத்தருக்கும் ஆட்சேபணை இல்லை, சனியன் தொலைந்தது என்றுகூடச் சிலர் பேசினார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வழிக்கக் கூடாது என்று நீ மட்டும் மனு எழுதினாய். திரும்பி வந்தது. மறுபடி எழுதினாய். எத்தனையாவது மனுவுக்கோ பதில் வந்தது: கையால் எடுத்துப் பாருங்கள், மூன்று நாள் அவகாசம். அதற்குள் நீ வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய். போனில் உன் குரல் நூலாகத்தான் வந்தது. "நீ போய் நிக்கணும்பா. எறிஞ்ச கைதானே, எடுக்கட்டும்."

நின்றேன். மலைமேல் இருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள், முதல் நாள் கீழே இருந்து நான் ஒருத்திதான். இரண்டாம் நாள் டீக்கடைக்கார அம்மா கடையைச் சாத்திவிட்டு வந்து கூடை பிடித்தாள். ரோட்டுக் கல் முடிந்து கூழாங்கல் வந்தது, நீ சொன்ன மாதிரியே வரிசை வரிசையாக. மூன்றாம் நாள் மத்தியானம் பலகைக் கல் ஒன்று தெரிந்தது. அதில் செதுக்கிய ஒரு பெண், ஒரு கை கதவைப் பிடித்திருக்கிறது, மார்பில் மூன்று அம்பு. அவள் முதுகுக்குப் பின்னால் சின்னச் சின்ன உருவங்கள் மலையேறுகின்றன, ஒன்றின் இடுப்பில் குடம். வெயிலும் மழையும் படாததால் உளித்தடம்கூட அழியவில்லை. தேன்காரப் பெண் அந்தக் குடத்தைத் தடவிக்கொண்டே ஓவென்று அழுதாள். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

அன்று சாயங்காலமே போட்டோவோடு உன்னிடம் ஓடி வந்தேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய். "அம்பெல்லாம் முன்னாடிதான் பட்டிருக்குப்பா" என்றாய். அப்புறம் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க எறிஞ்சது பூரா அவளுக்குக் கூரையா போய்ட்டுது பாரு." நர்ஸ் வந்து அதட்டுகிற வரைக்கும் சிரித்தாய். அந்த மாதமே போய்விட்டாய். ஜெயித்த முகத்தோடு போனாய், அதை நான் பார்த்தேன்.

இன்றைக்கு ராணியம்மாவுக்கு முதல் பொங்கல். சாமைச் சோறு, மலைத்தேன், ரோடு வளைகிற இடம் வரைக்கும் கூட்டம். ஆமாம், மேட்டை விட்டுவிட்டு ரோட்டைத்தான் வளைத்துவிட்டார்கள். கரண்டி டீக்கடைக்கார அம்மா கையில். உன் மகள் வரிசையில் கடைசியில் நின்றாள். இது யார் வூட்டுப் பொண்ணு என்று அந்த அம்மா கேட்க, யாரோ உன் பெயரைச் சொன்னார்கள். அந்த அம்மா கரண்டியை நிறுத்தினாள். கூட்டத்துக்கே கேட்கிற அதே பழைய குரலில் கூப்பிட்டாள்.

"கதவத் தொறந்தவ பொண்ணா? வழி வுடுங்க. முன்னாடி வாம்மா, மொதல் சோறு உனக்குத்தான்."

உன் மகள் தலை நிமிர்ந்து நடந்துபோய் வாங்கிக்கொண்டாள், அப்படியே உன் நடை. எல்லோரும் ஆளுக்கொரு கூழாங்கல் வைத்தார்கள். நானும் ஓடையிலிருந்து எடுத்துப்போன கல்லை வைத்தேன். நீ கொடுத்தது மட்டும் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. யாரையாவது பற்றி யாராவது சொல்லி, எனக்குச் சிரிப்பு முட்டும்போது, பைக்குள் கையை விட்டு அதை ஒரு தடவை பிடித்துப் பார்க்கிறேன்.