கோபமில்லாத போட்டோ

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் நலம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் அந்த நலம் முழுசாகும். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஸ்டுடியோவில் கூட்டமில்லை, மதியத்தில் வெள்ளைத் திரைமேல் ஜன்னல் வெளிச்சம் அசைவதைப் பார்த்துக்கொண்டே கண் சொக்கிவிடுகிறது. குறட்டை விடுகிறேன் என்று அம்மா பழி போடுவாள், நம்பாதே.

போன வாரம் தம்பியை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். மாத்திரையில் அவன் காதுக்குள் கேட்ட அந்தக் குரல்கள் அடங்கிவிட்டன, முகங்கள்தான் இன்னும் பிடிபடவில்லை. டாக்டரம்மா ஒரு முகமூடியைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். எனக்கு மூக்கு வெளியே புடைத்துக்கொண்டுதான் தெரிந்தது, தம்பியோ அது குழிதானேப்பா என்று விரலை உள்ளே விட்டான். மனச்சிதைவு உள்ள சிலருக்கு அப்படித் தெரியுமாம், ஏமாந்தது என் கண்தான். அடேங்கப்பா, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து, சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் போட்டோவைக் காட்டினார். இவங்க என்மேல கடுப்பா இருக்காங்க என்றான். ஏன்டா அப்படிச் சொன்னே என்று வரும் வழியில் கேட்டேன். முகம் மொத்தமா வரலைப்பா, கண்ணு தனியா வாய் தனியா தண்ணியில மிதக்குது, சிரிக்கலன்னா திட்டற மாதிரியே இருக்கு, அக்காவும் கோவிச்சுக்கிட்டுத்தானே போனா என்றான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருப்பது உன் விசா போட்டோ, அதில் சிரிக்கக் கூடாதே! நீ போனதிலிருந்து அதைத்தான் தினமும் பார்த்திருக்கிறான். நீ போனில் கூப்பிடும்போதெல்லாம் அவன் மாடிக்கு ஓடியது திமிரில்லை பாப்பா, பயம். உன்னை வேண்டாமென்று அவன் ஒருநாளும் நினைக்கவில்லை. இது தெரியாமல் நீ எத்தனை அழுதாய்.

இப்போது வீட்டில் எல்லாரும் மனசில் உள்ளதை வாயால் சொல்லிவிடுகிறோம். நேற்று நான் எனக்குப் பசிதான், கோபமில்லை என்றேன். எனக்குக் கோபம்தான், தட்டை நீங்களே எடுங்க என்றாள் அம்மா. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான், எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தம் கேட்டு.

உன் வேற போட்டோ வைக்கட்டுமா என்று தம்பியிடம் கேட்டேன். இதை எழுதும்போது பக்கத்திலேயே நின்று பதில் சொல்கிறான், அப்படியே எழுதுகிறேன்: படம் வேணாம், குரல் போதும், நிஜமாவே கோபம்னாலும் சொல்லட்டும், தெரிஞ்சுக்கிட்டா நிம்மதியா தூங்கிடுவேன்.

நோய் நொடியில்லாமல், மனசு குளிர நீ நன்றாயிருக்க வேண்டும் கண்ணு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறந்துவிடாதே. போனை அவன்தான் எடுப்பானாம், நாங்கள் யாரும் தொடக் கூடாதாம்.

இப்படிக்கு,
உன் அப்பா